முதுகு வசனம்

மனைவி பதினான்கு நாள் வாயைத் திறக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னபோது முதலில் சிரித்தவர், ஊரில் லிப்ட் ரிப்பேர் பார்க்கிற லிப்ட்காரர்தான்.

"எங்க வீட்ல பதினாலு நிமிஷமே அதிகம் டாக்டர்" என்றார்.

டாக்டரும் சிரித்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவி மட்டும் சிரிக்கவில்லை. சிரிக்கவும் கூடாது என்று அதற்கு முந்தின வாக்கியத்தில்தான் சொல்லியிருந்தார்கள். அன்று காலைதான் அவள் குரல் நாணில் இருந்த சின்னக் கட்டியை எடுத்திருந்தார்கள். மிளகு அளவுகூட இருக்காதாம்.

"பேச்சு, பாட்டு, செருமல், சிரிப்பு எதுவும் ஆகாது. கிசுகிசுன்னு பேசினா ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சுக்குவாங்க. அதுதான் ரொம்ப மோசம். ஏதாவது வேணும்னா எழுதிக் காட்டுங்கம்மா."

"குரல் பழையபடி வந்துடுமா?" என்று லிப்ட்காரர் கேட்டார்.

"வரலாம். கொஞ்சம் மாறியும் வரலாம். பதினஞ்சாம் நாள் வாங்க, பார்ப்போம்."

மனைவி டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது பழக்கம். இருபத்து நான்கு வருஷமாக மற்றவர்கள் வாயைப் பார்த்துத்தான் பிழைப்பு நடந்தது. சினிமாவில் கதாநாயகிகள் வாயசைப்பார்கள், குரல் இவளுடையது. எத்தனை பேருக்குப் பேசியிருப்பாள் என்று அவளுக்கே கணக்கில்லை. தெருவில் அவளை யாருக்கும் அடையாளம் தெரியாது. ஆனால் காய்கறிக் கடையில் பேரம் பேச ஆரம்பித்தால் கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிடுவார். "யம்மா, நீங்க அந்தப் படத்துல கிணத்துல விழுந்து செத்துப்போனவங்கதானே?" என்பார். "ஆமா, செத்துட்டேன். கத்தரிக்காயைச் சரியா நிறுங்க" என்பாள் இவள்.

வீட்டில் ஒரே மகள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது டிவியில் எந்தப் படம் போட்டாலும் பாதியில் எழுந்து போய்ப் பல் தேய்த்துவிட்டு வருவாள். கதாநாயகி யாரையாவது அதட்டினால் தன்னைத்தான் அதட்டுகிறாள் என்று நினைத்துக்கொள்வாள். "எனக்கு மட்டும் ஒரு படம்கூட உருப்படியா பார்க்கக் கொடுத்து வைக்கல. எல்லாத்துலயும் எங்கம்மா வந்துடறாங்க" என்று கல்லூரிக்குப் போன பிறகும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

லிப்ட்காரர் நிலைமை இன்னும் மோசம். அவர் சினிமாவே பார்ப்பதில்லை.

கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை போனார். மனைவி ஆசை ஆசையாக அழைத்துப் போனாள். முக்கால் மணி நேரம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு ஒரு தடியன் கதாநாயகியின் தலைமுடியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தான். அவள் அலறினாள். அலறினது இவர் மனைவி. பக்கத்து இருக்கையில் அவள் பாப்கார்ன் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறாள், திரையில் அவளே அலறுகிறாள். லிப்ட்காரரால் உட்கார முடியவில்லை. எழுந்து வெளியே வந்து, தண்ணீர்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றார். பின்னாலேயே ஓடி வந்தவளிடம் தலைவலி என்றார். அதற்குப் பிறகு அவள் எப்போது கூப்பிட்டாலும் ஒரு தலைவலியோ, நடுவில் நின்றுபோன ஒரு லிப்டோ அவருக்குக் கைகொடுத்தது. அவளும் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். இவரும் உண்மையைச் சொல்லவில்லை. பயந்துவிட்டேன் என்று சொல்ல எந்த ஆம்பளைக்கு வாய் வரும்?

பேச்சில்லாத முதல் இரண்டு நாள் வீடு பரீட்சை எழுதும் அறை மாதிரி இருந்தது. மகள் ஒரு சிலேட்டும் பலப்பமும் வாங்கிக் கொடுத்திருந்தாள். மனைவி அதை மடியில் வைத்துக்கொண்டு, 'உப்பு', 'துணி காயுது', 'கேஸ் அணைச்சியா' என்று எழுதிக் காட்டினாள். லிப்ட்காரர் குழையக் குழையச் சோறு வடித்து, ஆற வைத்து, கரண்டியால் மசித்துக் கொடுத்தார். அவர் சமையலைப் பற்றிச் சிலேட்டில் எழுதியதை மகள் மட்டும் பார்த்துச் சிரித்தாள். அவரிடம் காட்டாமல் அழித்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் வேலைக்குக் கிளம்பினார். மாடிப்படி இறங்கும்போது பாதிப் படியில் கால் நின்றுவிட்டது. எதையோ மறந்துவிட்டது போல இருந்தது. பையைத் திறந்து பார்த்தார். டெஸ்டர் இருந்தது, திருகுகள் இருந்தன, மெஷின் ரூம் சாவிக்கொத்து இருந்தது, சாப்பாடும் இருந்தது. எல்லாம் சரியாக இருந்தும் ஏதோ குறைந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். அன்று சாயங்காலம் நல்ல மழை. தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வந்தபோதுதான், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய குடையைப் பார்த்தார்.

குடை விஷயத்தில் அவருக்கு ஒரு ராசி உண்டு. ஊரில் லிப்ட் வைத்த கட்டடங்கள் எத்தனையோ, அதில் பாதி மெஷின் ரூம்களில் அவருடைய குடை ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். உச்சி மாடிக்கு ஏறுவார், பிரேக்கைச் சரிசெய்வார், வடத்துக்கு எண்ணெய் போடுவார், குடையை அங்கேயே விட்டுவிட்டு இறங்கிவிடுவார். அதனால் தினமும் காலையில் அவர் செருப்பை மாட்டும்போது அடுப்படியிலிருந்து குரல் வரும்: "குடைய எடுத்துக்கிட்டீங்களா?" மழையோ வெயிலோ, சண்டை போட்ட நாளோ சமாதானமான நாளோ, அந்தக் கேள்வி தப்பாது. இருபத்திரண்டு வருஷமாக இவர் பதில் சொன்னதே இல்லை. எடுத்திருந்தால் எடுத்திருப்பார், இல்லையென்றால் இல்லை. சுவர்க் கடிகாரம் மணி அடித்தால் பதிலா சொல்லுகிறோம்?

ஐந்தாம் நாள் ஒரு பதினொரு மாடிக் கட்டடத்தில் வேலை. கதவு மூடி மூடித் திறக்கிறது என்று புகார். கூட வந்தவன் போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தவன். எதைச் சொன்னாலும் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவதால் ஸ்பேனர் என்றே பெயராகிவிட்டது. வேலை முடிந்து இரண்டு பேரும் மெஷின் ரூமிலிருந்து மொட்டை மாடிக்கு வந்தார்கள். உச்சி வெயில். தரை பொரிந்துகொண்டிருந்தது. லிப்ட்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே கால் வைத்தார்.

பின்னாலிருந்து ஸ்பேனர் பெண் குரலில் குழைந்தான். "குடைய எடுத்துக்கிட்டீங்களா?"

லிப்ட்காரர் அப்படியே நின்றார்.

"என்னடா சொன்னே?"

"என்னண்ணே, தெரியாதா? ஊரே சொல்லிட்டுத் திரியுது."

"ஊரு எதுக்குடா சொல்லணும்?"

"சினிமாண்ணே. ஹீரோ கடைசியா சண்டைக்குப் போறாரு. போனா திரும்பி வரமாட்டாருன்னு எல்லாருக்கும் தெரியும். தியேட்டரே கப்சிப்னு இருக்கு. அந்தப் பொண்ணு வாசல்ல நிக்குது. என்ன சொல்லப்போகுதோன்னு எல்லாரும் பார்த்தா, குடைய எடுத்துக்கிட்டீங்களான்னு கேக்குதுண்ணே! அடுத்த ஷாட்ல வெளிய பார்த்தா மண்டைய பொளக்கிற வெயிலு! படம் அங்கயே புட்டுக்கிச்சு."

"யாரு பேசினது அது?"

"யாரோ டப்பிங் பொம்பள. அரைத் தூக்கத்துல பேசியிருக்கும் போல. படத்தைக் கெடுத்த பத்து விஷயம்னு ஒருத்தன் லிஸ்ட் போட்டிருக்கான், அதுல இதுதான் முதல்ல. இருங்க, காட்டறேன்."

கிரீஸ் கையாலேயே போனைத் தேய்த்து நீட்டினான். வெயிலில் படம் ஒன்றும் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது. ஐந்து நாளாக வீட்டில் கேட்காத குரல். 'ட்டீ' என்ற இடத்தில் கொஞ்சம் இழுத்து, கடைசியில் தணிந்து, அப்படியே அடுப்படியிலிருந்து வருகிற மாதிரி.

"இன்னொரு தடவை போடு" என்றார்.

ஸ்பேனர் போட்டான். சிரித்தான். இவர் சிரிக்காததைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, தலை சுத்துதா? வெயில்ல நிக்காதீங்க" என்றான்.

"ஆமாடா" என்று சொல்லிவிட்டு லிப்ட்காரர் உள்ளே வந்து மெஷின் ரூம் படியில் உட்கார்ந்தார். அது என் வீட்டுக் கேள்விடா, எனக்குக் கேட்ட கேள்வி என்று சொல்ல வேண்டும் போல இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மகளைப் பால்கனிக்குக் கூப்பிட்டார். அவள் துணி மடித்துக்கொண்டே வந்தாள்.

"உங்கம்மா பேசின குடை வசனம் பத்தி உனக்குத் தெரியுமா?"

மகள் கையிலிருந்த துண்டு அப்படியே நின்றது. "யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது. எனக்குத்தான் தெரியல."

"அம்மாதாம்பா சொல்ல வேணாம்னாங்க. நீங்கதான் சினிமா பத்திப் பேசினாலே எழுந்து போயிடுவீங்களே."

"அதுக்காக இதைக்கூடவா?"

"எதைச் சொல்றது? அந்த டைரக்டர் போன் பண்ணி, என் படத்தையே கெடுத்துட்டீங்களேம்மான்னு கத்தினாரு. அவர்தான் அப்போ நல்லாயிருக்குன்னு வெச்சுக்கிட்டவரு. அதுக்கப்புறம் ரெண்டு கம்பெனி வேற ஆள வெச்சுக்கிட்டாங்க. மூணு மாசமா அம்மா வேலைக்கு எங்க போனாங்கப்பா?"

"தொண்டை சரியில்லன்னு..."

"தொண்டையும்தான் சரியில்ல. வேலை இருந்திருந்தா இந்த ஆபரேஷனை இன்னும் தள்ளிப்போட்டுட்டே இருந்திருப்பாங்க. இப்போ குரலும் மாறிட்டா, கடைசியா தான் பேசினது ஒரு படத்தைக் கெடுத்த வசனம்னு ஆயிடும்னு எழுதிக் காட்டினாங்கப்பா. ராத்திரி படுத்தா அதையே நெனச்சுக்கிட்டு முழிச்சிட்டு இருக்காங்க. உங்களுக்குப் பக்கத்துலதான படுத்திருக்காங்க?"

படுத்தால் கட்டையாகத் தூங்குகிற ஜென்மம் லிப்ட்காரர். அன்றைக்குத்தான் அதற்காக வெட்கப்பட்டார்.

உள்ளே மனைவி மேசையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்து இவரும் இரண்டு உரித்தார். பிறகு சிலேட்டை அவள் பக்கம் தள்ளினார்.

"குடை" என்றார்.

அவள் மகளைப் பார்த்தாள். மகள் சுவரைப் பார்த்தாள். மனைவி பட்டாணிக் கையைத் துடைத்துவிட்டுப் பலப்பத்தை எடுத்தாள். பிறகு எழுத ஆரம்பித்தாள். சின்னச் சிலேட்டு, இரண்டு வரிக்கு மேல் பிடிக்காது. எழுதுவாள், அவர் எழுத்துக் கூட்டுகிற பிள்ளை மாதிரி சத்தமாகப் படிப்பார், ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி எழுதுவாள்.

"'முதுகு வசனம்னு ஒண்ணு உண்டு.' சரி. 'ஆள் முதுகைக் காட்டி நின்னா வாய் தெரியாது. அங்க என்ன வேணா பேசலாம்.' ம். 'பேப்பர்ல அந்த இடத்துல வசனமே இல்ல. டைரக்டர், மனசுல வர்றதைச் சொல்லுங்கம்மான்னாரு.'"

அவள் துடைத்தாள். இந்தத் தடவை எழுத்து கொஞ்சம் பெரிதாக, கோணலாக விழுந்தது.

"'ஒரு ஆம்பள வெளிய போறான். திரும்பி வரமாட்டான்.'"

துடைத்தாள்.

"'நான் வாசல்ல நிக்கிறேன். எனக்கு வேற என்ன வரும்?'"

படித்து முடித்த பிறகும் லிப்ட்காரர் சிலேட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவளுடைய பேச்சு தன்னுடைய கட்டைக் குரலில் வந்து விழுவது அவருக்கே பிடிக்கவில்லை. அவள் இன்னும் எழுதினாள். வாசல் வரைக்கும்தான் அவளுக்குக் காட்டினார்களாம். துண்டு துண்டாகத்தான் எப்போதும் காட்டுவார்களாம். வெளியே வெயிலா மழையா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கடைசியில், 'உங்களுக்குத்தான் என் வேலை பிடிக்காதே. அதான் சொல்லல' என்று எழுதினாள்.

"யாரு சொன்னா பிடிக்காதுன்னு?"

'தலைவலி' என்று எழுதி, அதன் கீழே ஒரு கோடு போட்டாள்.

லிப்ட்காரர் தலையைச் சொறிந்தார். மகள் இருக்கிறாளே என்று பார்த்தார். இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றிற்று.

"அது தலைவலி இல்ல. அந்தப் படத்துல அந்தத் தடியன் உன் முடியைப் புடிச்சு இழுத்தான் பாரு. நீ கத்தினே. எனக்குத் தாங்கல. எழுந்து போய் அவனை அடிக்கணும்னு கை துடிச்சுது. அது துணிம்மா, வெறும் திரைதான்னு தெரியுது. ஆனா கத்தறது நீ. பயந்துட்டேன். போதுமா? அதுக்கப்புறம் எந்தப் படத்துல உன்னை யாரு என்ன பண்றானோன்னு... போகவே முடியல."

மனைவி அவரையே பார்த்தாள். பலப்பம் மெதுவாகச் சிலேட்டில் நகர்ந்தது. '22 வருஷம்' என்று எழுதினாள். அதற்குக் கீழே 'லூசு' என்று எழுதினாள்.

அதைப் பார்த்து மகள் பொத்துக்கொண்டு சிரித்தாள். மனைவிக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்து, மூக்கைப் பிடித்து, முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஏய் சிரிக்காதே, சிரிக்காதே! டாக்டர் சொல்லியிருக்காரு!" என்று லிப்ட்காரர் பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினார். பட்டாணி மேசையெல்லாம் உருண்டது.

மறுநாள் வேலை முடித்துவிட்டு அவர் ஒருவரிடமும் சொல்லாமல் சினிமாவுக்குப் போனார். அந்தப் படம் மற்ற எல்லா இடத்திலும் தூக்கப்பட்டு, ஒரே ஒரு தியேட்டரில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஓடினதே அந்த ஒரு வசனத்துக்காகத்தான். உள்ளே பாதிக்கு மேல் கூட்டம். சிலர் குடையோடு வந்திருந்தார்கள். லிப்ட்காரர் கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படத்தில் கதாநாயகியை யாரும் அடிக்கவில்லை. அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது. கடைசியில் அந்த இடம் வந்தது. கதாநாயகன் செருப்பை மாட்டினான். அவள் வாசலில் முதுகைக் காட்டி நின்றாள். அவ்வளவுதான், தியேட்டர் முழுக்க எழுந்து நின்று ஒரே குரலாகக் கத்தியது: "குடைய எடுத்துக்கிட்டீங்களா?" குடைகள் விரிந்தன, விசில் பறந்தது. மனைவியின் குரல் அதற்குள் எங்கேயோ முங்கிப் போய்விட்டது. இவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்ததுதான் மிச்சம்.

விடுவாரா? ஒரு லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டால், அதை இறக்காமல் அவர் வீட்டுக்குப் போனதில்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து, பட்டப் பகலில் நடக்கும் காட்சிக்கு மறுபடி போனார். எண்ணி ஆறு பேர் இருந்தார்கள். இடைவேளை விளக்குப் போட்டதும் எழுந்து, எழுதி வைத்துப் படிக்கிறவர் மாதிரி தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொருவரிடமாகப் போனார்.

முதல் வரிசைக்கு அடுத்ததில் இரண்டு காலேஜ் பையன்கள். மடியில் குடை.

"தம்பி, ஒரு சின்ன உதவி. கடைசியில அந்தக் குடை வசனம் வரும் பாருங்க, அந்த இடத்துல மட்டும் கொஞ்சம் சத்தம் போடாம இருக்கீங்களா?"

"அதுக்குத்தானே சார் வந்ததே!" என்றான் ஒருவன்.

"தெரியும் தம்பி. அது பேசினது என் வீட்டுக்காரி."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தொண்டையில ஆபரேஷன் ஆகியிருக்கு. இப்போ பேச முடியாது. திரும்ப அந்தக் குரல் வருமான்னு டாக்டருக்கே தெரியல. முந்தாநாள் வந்தேன், கத்தின கத்துல காதுல விழல. ஒரே ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடறேன்."

"சாரி சார்" என்றான் மற்றவன். முதலில் பேசியவன் குடையை மடியிலிருந்து எடுத்துக் காலுக்குக் கீழே வைத்தான்.

நடு வரிசையில் ஒரு பெரியவர் காலை நீட்டிப் படுத்திருந்தார். வீட்டில் வெக்கை, இங்கே ஏசி என்பதற்காக வந்தவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நான் முழிச்சிருந்தாத்தானே கத்தறதுக்கு? ஆனா எனக்குக் குறட்டை வரும், அதுக்கு நான் பொறுப்பில்ல" என்றார். "அந்த இடம் வந்தா நான் எழுப்பறேன் சார்" என்று காலேஜ் பையன் அங்கிருந்தே சொன்னான்.

பின்னால் ஒரு தம்பதி. கணவன் சரி என்று தலையாட்டினான். கடைசி வரிசையில் நர்ஸ் உடுப்பில் ஒரு பெண், வேலை முடிந்து நேராக வந்திருக்கிறாள் போல. "அவங்களைச் சூடா எதையும் குடிக்க விடாதீங்க" என்றாள். "ஆற வெச்சுத்தாம்மா கொடுக்கறேன்" என்றார் லிப்ட்காரர்.

விளக்கு அணைந்தது. அந்த இடம் வருவதற்கு ஐந்து நிமிஷம் முன்பே பையன் எழுந்து போய்ப் பெரியவரை உலுக்கினான். எல்லாரும் நேராக உட்கார்ந்தார்கள். கதாநாயகன் செருப்பை மாட்டினான். அவள் வாசலில் நின்றாள். தியேட்டரில் ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"குடைய எடுத்துக்கிட்டீங்களா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்க அங்கே ஒன்றும் இல்லை என்பது அந்த அமைதியில் எல்லாருக்கும் தெரிந்தது. போகாதே என்று சொல்ல உரிமை இல்லாதவள், வந்துவிடு என்று சொன்னால் அழுதுவிடுவோம் என்று பயந்தவள், தினமும் கேட்பதையே அன்றும் கேட்கிறாள். கதாநாயகன் பதில் சொல்லவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கிப் போனான். வெளியே வெயில் கொளுத்தியது. கொளுத்தட்டும், அதனால் என்ன?

லிப்ட்காரர் அழுதார். மறைக்கவெல்லாம் இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுதார். பின்னால் நர்ஸும் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

படம் முடிந்து வெளியே வரும்போது அந்தக் காலேஜ் பையன் பக்கத்தில் வந்தான். "சார், அம்மாவைக் கேட்டதா சொல்லுங்க" என்றான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம், "பார்த்துட்டு வந்தேன்" என்றார்.

அவள் சட்டென்று சிலேட்டைத் தேடினாள். கையில் கிடைக்கவில்லை. புருவத்தை உயர்த்தி, எப்படி என்று கேட்டாள்.

"குடைய எடுக்காமயே போயிட்டான் பாவி. ஒரு வார்த்தை பதில் சொல்லல. எல்லாம் என்னை மாதிரிதான் போல."

அவள் அவர் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கையில் எண்ணெய் வாடை அடித்திருக்கும். அவள் விடவில்லை.

பதினைந்தாம் நாள் மூன்று பேருமாக டாக்டரிடம் போனார்கள். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, ஆறிவிட்டது என்றார். "இப்போ மெதுவா, ஆ சொல்லுங்கம்மா."

மனைவி வாயைத் திறந்தாள். முதலில் காற்று மட்டும் வந்தது. இரண்டாம் தடவை ஒரு சத்தம் வந்தது. தாழ்வாக, கரகரவென்று.

"ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் எண்ணுங்க."

எண்ணினாள். மூன்றில் உடைந்தது. ஐந்தை எட்டவில்லை. மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"போகப் போகச் சரியாகும். பேசறதுக்கு ஒரு தடையும் இல்ல. ஆனா பழைய உச்சம், அந்த மெல்லிசு, அது திரும்ப வரும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். இருக்கறது வெச்சுப் பழகிக்கணும்" என்றார் டாக்டர். நல்ல மனுஷன், பொய் சொல்லவில்லை.

வீடு வரைக்கும் அவள் பேசவில்லை. பேசலாம் என்று ஆன பிறகும் பேசவில்லை. சாயங்காலம் சிலேட்டைத்தான் எடுத்தாள். 'சாப்பாடு ரெடி' என்று எழுதினாள். மகள், "அம்மா, பேசலாம்மா" என்றதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். தன் குரலுக்கே முகம் கொடுக்க அவளுக்குத் தயக்கமாக இருந்தது. லிப்ட்காரர் வற்புறுத்தவில்லை. பட்டாணி உரிப்பது மாதிரி, அவசரப்பட்டால் நசுங்கிவிடும் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் காலை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, லிப்ட்காரர் வாசலில் செருப்பைப் போட்டார். வழக்கமாக ஒரு நொடியில் போட்டுவிடுவார். அன்று வாரைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அடுப்படி வாசலில் வந்து மனைவி நிற்பது தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் அவள் வாயைத்தான் பார்ப்போம், அவளுக்குக் கூச்சமாகிவிடும் என்று நினைத்தார். அதனால் திரும்பவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். குடை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது.

"அப்போ நான் போயிட்டு வரேன்" என்றார்.

சொன்னவர் போகவில்லை. உள்ளே தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. மகளின் அறைக்கதவு கொஞ்சம் திறந்து, அப்படியே நின்றது. லிப்ட்காரர் படியைப் பார்த்துக்கொண்டே நின்றார். நேரமானால் ஆகட்டும். பதினொரு மாடி லிப்ட் நின்றால் நிற்கட்டும்.

"குடைய..."

அங்கே உடைந்தது. அவர் அசையவில்லை. பின்னால் அவள் மூச்சை இழுத்துக்கொள்வது கேட்டது.

"குடைய எடுத்துக்கிட்டீங்களா?"

தாழ்ந்த, மணல் கலந்த குரல். இதற்கு முன் அவர் கேட்டிராத குரல். எந்தக் கதாநாயகிக்கும் இது பொருந்தாது, எந்தக் கம்பெனியும் இதைக் கூப்பிடாது. ஆனால் 'ட்டீ' வந்த இடத்தில் அதே இழுப்பு இருந்தது. கடைசியில் அதே தணிவு இருந்தது. லிப்ட்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இல்லம்மா, மறந்துட்டேன்" என்றார். "எடுத்துக் குடு."

இருபத்திரண்டு வருஷத்தில் அதுதான் முதல் பதில். அவள் ஆணியிலிருந்து குடையை எடுத்து வந்து, தூசியைத் தட்டி, அவர் கையில் கொடுத்தாள். "இதையாவது தொலைக்காம கொண்டாங்க" என்றாள் அதே மணல் குரலில்.

தெருவில் காலை வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. வானத்தில் மருந்துக்கும் ஒரு மேகம் இல்லை. படியிறங்கி வந்த லிப்ட்காரர் வாசலிலேயே குடையை விரித்தார். எதிரே வந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள், மறுபடி அவரைப் பார்த்தார்கள். அவர் தெருமுனை திரும்பும் வரைக்கும் குடையை மடக்கவே இல்லை.